நீலப்பூ வேர் பற்றி ஐசல்கின் கொடுத்த இரண்டாவது வாக்குமூலம்

நாள்: 02.11.2018, காலை 10.20 மணி. இடம்: சரி-தால் காவல் நிலையம், இசிக்-குல் மாநிலம்.

பெயர் ஐசல்கின், வயது 46/2018, த/பெ ஒஸ்மோன், சரி-தால் கிராமம், மேலத் தெரு, கதவு எண் 9. தொழில் ஆடு வளர்ப்பு. யாரும் அழைக்காமல் நானாகவே வந்து விசாரணை அதிகாரி முன் ஆஜராகிச் சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். பெக்தெமிர், வயது 53, என் உடன்பிறந்த அண்ணன். அவர் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். அவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதில் கால் நரம்பு கெட்டுப்போய், பாதம் இரண்டும் எந்நேரமும் தீயில் வைத்ததுபோல எரிகிறது என்பார். துர்சுனாய், வயது 46, எங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் ஒரே நர்ஸ். என் அம்மாவுக்குப் பால் சுரக்காததால் அவளுடைய அம்மாதான் எனக்குப் பால் கொடுத்தாள். எங்கள் வழக்கத்தில் ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்களே. நானும் அவளை அப்படித்தான் வைத்திருந்தேன்.

அண்ணனுக்கு விஷம் ஏறிய இதே வழக்கில் நான் 15.10.2018 அன்று ஒரு வாக்குமூலம் கொடுத்துள்ளேன். மருந்துக்கான வெள்ளைப்பூ வேர் என்று நினைத்து விஷமுள்ள நீலப்பூ வேரைத் தோண்டி, வெள்ளைப்பூ என்று சொல்லி நர்ஸிடம் கொடுத்துவிட்டேன் என்று அதில் சொல்லியிருக்கிறேன். அது பொய். பொய் வாக்குமூலம் கொடுத்தால் என்ன தண்டனை என்பதை அதிகாரி இன்று படித்துக் காட்டினார். தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

கடந்த செப்டம்பர் மாதம் பூ உதிர்ந்த பிறகு, நான் மேய்ச்சல் மலைக்குப் போய் நீலப்பூ வேர் தோண்டி வந்தேன். ஒவ்வொரு வருடமும் தோண்டுவேன். கையுறை போட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் தோண்டுவது. வேரைத் தொட்ட நாளில் மாவு பிசைய மாட்டேன்; அன்றைக்கு என் கணவர்தான் ரொட்டி சுடுவார், கல்லைப் போல இருக்கும். பிறகு வேரை நறுக்கி வோட்காவில் ஊற வைத்து, பாட்டில் கழுத்தில் கறுப்பு ஆட்டுமயிர்க் கயிறு கட்டித் தொழுவத்தில் தொங்கவிடுவேன். கயிறு கட்டிய பாட்டிலை வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் குடிகாரனுக்குக்கூடத் தெரியும். அதை அண்ணனின் பாதத்தில் நானே தேய்த்துவிடுவேன். முதலில் சுருசுருவென்று இருக்கும், பிறகு மரத்துப்போகும். “இத தேய்ச்சா காலு பக்கத்து வீட்டுக்காரன் காலு மாதிரி இருக்கு தங்கச்சி. அவன் வலிய அவன் பாத்துக்கட்டும்” என்று சிரிப்பார்.

அதன் பிறகு 24.09.2018 அன்று மதியம் துர்சுனாய் என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தாள். வெள்ளைப்பூ வேரிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்து மாத்திரை செய்கிறார்கள் என்று எங்கோ அச்சடித்த இரண்டு தாளைக் காட்டினாள்.

“ஏண்டி, நீ இன்னும் காலுல பூசிக்கிட்டே இரு. அங்க முழுங்கவே குடுக்குறான்.”

“அது வெள்ளப்பூடி. அதையும் ஆளுங்க மெஷின் வெச்சுப் பிரிச்சு எடுக்குறாங்க. என்கிட்ட இருக்குறது நீலப்பூ. வாயில பட்டா ஆளு போயிருவான்.”

“நீ நர்ஸா, நான் நர்ஸா?”

“நீதான் நர்ஸு. எங்க கழுதைக்கு ஊசி போட்டவளாச்சே.”

இருவரும் சிரித்தோம். பிறகு தன் முழங்கால் வலிக்கு என்று ஒரு பாட்டில் கேட்டாள். கயிறு கட்டிய பாட்டில் ஒன்றைக் கொடுத்து, தேய்க்க மட்டும் என்று மறுபடியும் சொன்னேன். அவள் சரி என்றாள். அதை ஊருக்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு 12.10.2018 அன்று பகல் பதினொரு மணி அளவில் என் அண்ணி ஓடிவந்து, அண்ணன் வாய் கோணி வாந்தி எடுக்கிறார் என்றாள். நான் போய்ப் பார்த்தபோது அண்ணன் தரையில் கிடந்தார். உதடு மரத்துப் பேச்சு குழறியது. துர்சுனாய் எனக்கு முன்பே அங்கே இருந்தாள். மாவட்ட மருத்துவமனை டாக்டர் போனில், நோயாளி என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அவள், “ஒண்ணும் இல்ல டாக்டர், சர்க்கரை இறங்கிருச்சு போல” என்றாள். நான் என் காதால் கேட்டேன்.

ஜன்னல் ஓரத்தில் சுகாதார நிலையத்தின் சிறிய சொட்டு மருந்துக் குப்பி ஒன்று இருந்தது. அதில் கயிறு இல்லை. ‘வெள்ளைப்பூ வேர், காலை உணவுக்குப் பின்’ என்று துர்சுனாயின் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. நான் குப்பியைத் திறந்து உதட்டில் லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொண்டேன். மறு நிமிடமே உதடு மரத்துவிட்டது. என் சரக்கு எனக்குத் தெரியாதா? நீலப்பூ என்று எழுதினால் ஊரில் யாரும் குடிக்க மாட்டார்கள் என்றுதான் சீட்டில் பெயரை மாற்றியிருக்கிறாள். போனைப் பிடுங்கி, நீலப்பூ வேர் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். உடனே வண்டி அனுப்பினார்கள். அவள் சர்க்கரை சர்க்கரை என்று போக்கியது அரை மணி நேரம். போகும் வழியில் அண்ணனின் இதயம் இரண்டு முறை நின்று நின்று அடித்தது. மாலை வரை என் உதட்டில் உணர்ச்சி இல்லை.

அதன் பிறகு 14.10.2018 அன்று மருத்துவமனை நடைபாதையில் துர்சுனாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அப்போது கண் திறக்கவில்லை.

“நீ வேரு மாத்திக் குடுத்துட்டேன்னு சொல்லுடி. தங்கச்சி தப்பு பண்ணா யாரு கேஸு போடுவா? நர்ஸு தப்பு பண்ணா உள்ள வெச்சுருவாங்க.”

“எனக்கு நீலப்பூவுக்கும் வெள்ளப்பூவுக்கும் வித்தியாசம் தெரியலன்னு ஊரு சிரிக்கும்டி.”

“சிரிச்சா சிரிக்கட்டும். நான் பசிக்கு அழுதுட்டு இருந்தப்ப என்னைக் கீழ எறக்கி வெச்சுட்டு உன்னைத் தூக்கிக்கிட்டவடி எங்கம்மா.”

இதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. அவள் பாலில் எனக்குப் பங்கு உண்டு என்றால் அவள் பழியிலும் உண்டு என்று நினைத்துவிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னேன். போலீஸுக்கு எதை வேண்டுமானாலும் சொல்கிறேன், அண்ணன் கண் திறந்ததும் அவரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். “ரொட்டி மேல சத்தியம், நானே சொல்றேன்” என்றாள். மறுநாள் நான் வந்து அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஊரில் எனக்குக் கிடைத்த பெயரை இங்கே எழுத வேண்டாம்.

அண்ணன் 26.10.2018 அன்று வீடு திரும்பினார். 27ஆம் தேதி பகலில் ஆட்டுக்கறி சூப் எடுத்துக்கொண்டு போனேன். துர்சுனாய், வீட்டுக்கு வந்த பெரிய மனிதரை உட்கார வைக்கும் இடத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சலாம் சொன்னதும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிண்ணத்தை அவர் முன் வைத்தேன்.

“இன்னைக்கு இதுல என்ன போட்டிருக்க? குடிச்சா சாவானா பொழைப்பானான்னு பாக்கணுமா?”

“அண்ணே, என்ன பேச்சு இது?”

“‘மொதல்ல எங்கண்ணனுக்குக் குடுத்துப் பாரு’ன்னு நீ சொன்னியாமே. ஆறு வருஷம் என் காலத் தேய்ச்சது இதுக்குத்தானா?”

நான் துர்சுனாயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கருவியின் காற்றை இறக்கிவிட்டு, “கோவப்படாதீங்க அண்ணே, பிரஷர் ஏறுது” என்றாள். அண்ணன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். அண்ணி அதை வாசலில் நாய்க்கு ஊற்றப் போனவள், நாய் செத்துப்போனால் என்ன செய்வது என்று சொல்லி நின்றுவிட்டாள். என் கண் முன்னே சாக்கடையில் ஊற்றினாள்.

அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னதை நான் பொறுத்தேன், அந்தப் பொய்க்கு நானே துணை போனேன். ஆனால் அண்ணன் காதில் அவள் ஓதியது என் பொய்யில் இல்லாத வரி. அதை அவள் தானாகச் சேர்த்தாள். அண்ணன் உண்மை தெரிந்து அவளை வெறுப்பதைவிட, என்னை வெறுத்தால் அவளுக்குச் சுலபம். அவ்வளவுதான்.

என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைப்பூ எங்கள் மலையில் கிடையாது, ஆற்றுக்கு அக்கரையில்தான் முளைக்கும். ஆகஸ்ட் வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போனது, இன்னும் போடவில்லை. இந்த வருடம் ஊரில் யாரும் அக்கரைக்குப் போகவில்லை. பிறகு நான் எப்படி வெள்ளைப்பூ என்று சொல்லி ஒரு வேரைக் கொடுத்திருக்க முடியும், அவள்தான் எப்படி நம்பியிருக்க முடியும்? சொட்டு மருந்துக் குப்பியைச் சீட்டோடு 12.10.2018 முதல் நான் வைத்திருந்தேன். இன்று ஒப்படைக்கிறேன். வேறு யார் யாருக்கு இதே மாதிரிக் குப்பி போயிருக்கிறது என்று உடனே விசாரித்து எல்லாவற்றையும் பறிமுதல் செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பொய் சொன்னதற்கு என் மீது நடவடிக்கை எடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தை என் அண்ணன் பெக்தெமிருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நான் போனால் கதவு திறக்க மாட்டார். அரசாங்க முத்திரை போட்ட தாள் என்றால் கேட்பார். அப்படி ஒரு நடைமுறை இல்லை என்று அதிகாரி சொன்னார். இல்லை என்று சொன்னதையும் இதில் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் என் வாயிலிருந்து வராத வரி ஒன்றும் இல்லை. எல்லாம் உண்மை. அண்ணே, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஐசல்கின்
என் முன்பாக, விசாரணை அதிகாரி