லாக்கரில் கிடந்த போன் சூடானதன் காரணம்

நாள் 05.12.2025, வெள்ளிக்கிழமை. நீதித்துறை நடுவர் முன்னிலையில் சாட்சி தாமாக முன்வந்து சொன்னவை, சொல்லச் சொல்ல எழுதப்பட்டன.

என் பெயர் கல்பனா. வயது 29. கணவர் பெயர் மணிகண்டன். பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பத்தில் குடியிருக்கிறேன். என் கணவர் ஏரியில் இறால் பிடிக்கும் தொழில் செய்கிறார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான்கு வருடமாகப் பேக்கிங் பிரிவில் வேலை செய்து வருகிறேன். எங்கள் பிரிவுக்கு சூப்பர்வைசர் சந்திரமோகன் என்பவர். இந்த வாக்குமூலத்தை யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் கொடுக்கிறேன்.

கடந்த 30.09.2025 அன்று, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நாங்கள் மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேற்படி சந்திரமோகன் வந்து, வருகைப்பதிவுக்குப் புதிய ஆப் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, பெண்கள் பதினோரு பேரின் போன்களையும் லாக்கரிலிருந்து எடுத்து வரச் சொல்லி, திரைப்பூட்டைத் திறந்து வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு என் போன் கையில் பிடிக்க முடியாதபடி சூடாக ஆரம்பித்தது. காலையில் முழு சார்ஜோடு கிளம்பினால் மதியத்துக்குள் அணைந்துவிடும். ஏரியில் காற்று மாறும் நாட்களில் என் கணவர் கரைக்கு வந்ததை என் மதிய இடைவேளையில் கூப்பிட்டுச் சொல்வது வழக்கம். அந்த அழைப்புகள் எனக்கு வராமல் போயின. பொன்னேரியில் ஒரு கடையில் பேட்டரியும், அதன் பிறகு இன்னொரு கடையில் சார்ஜரும் மாற்றினேன். சூடு குறையவில்லை.

இதற்கிடையில் நான் வீட்டில் என் கணவரிடம் பேசிய விஷயங்களை மேற்படி சந்திரமோகன் என்னிடமே சொல்லத் தொடங்கினார். நான் வேலையை விடலாமா என்று கேட்டது, எங்களுக்குள் வந்த சண்டை, நான் மருத்துவமனைக்குப் போனது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஞாயித்துக்கிழம தனியா ஷிப்ட் போட்டா வா, இல்லன்னா உன் கத எல்லாம் எனுக்குத் தெரியும்" என்றார். நான் போகவில்லை. நான் மனம்விட்டுப் பேசுவது என்னோடு வேலை செய்யும் தேவதர்ஷினியிடம் மட்டும்தான். அவள்தான் போய்ச் சொல்கிறாள் என்று நினைத்து கம்பெனி வேனில் எல்லோர் முன்னிலையிலும் அவளைத் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் வேனில் முன் இருக்கைக்கு மாறிக்கொண்டாள். நாங்கள் மதியம் ஒன்றாகச் சாப்பிடுவது நின்றது.

16.11.2025 ஞாயிற்றுக்கிழமை காலை புதுவாயல் கூட்டுரோட்டில் டயர் கடைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியம்மா என்பவரின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். முன்பு ஒரு போன் தொழிற்சாலையில் போர்டு சோதிக்கும் வேலையில் எட்டு வருடம் இருந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதுவரை நான் போன கடைகளில் போனை வாங்கியதும் பின்மூடியைக் கழற்றினார்கள். இவர் கழற்றவில்லை. என்னை உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்டார்.

"நீ தொடாத நேரத்துலயும் சூடாவுதா?" என்று கேட்டார். வேலை நேரத்தில் எங்கள் போன்களை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், எடுக்கும்போது சூடாகத்தான் இருக்கும் என்றேன். அதைக் கேட்டதும் அவர் கையில் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் சிம் கார்டை வெளியே எடுத்து, போனை விமான மோடில் போட்டு, ஒரு மணி நேரம் மேஜையில் சும்மா வைத்தார். போன் குளிர்ந்தே இருந்தது. சார்ஜ் ஒரு சதவீதம் மட்டும் குறைந்தது. அதன் பிறகு தன் கடை வைஃபையில் இணைத்தார். பத்து நிமிடத்தில் பின்பக்கம் சுட்டது. பேட்டரியை எந்த ஆப் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியலைத் திறந்து, விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தார். பல்சக்கரப் படம் போட்ட ஓர் ஆப்பில் நிறுத்தினார். போனோடு வந்தது போலவே அதற்குப் பெயர் இருந்தது. அதே நேரத்தில் திரையின் மேல் ஓரத்தில் கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அவர் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். ஒரு பில்லின் பின்பக்கம், 'பேசாதே. மைக் ஓடுது. எவனோ கேக்குறான்' என்று எழுதிக் காட்டினார்.

அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. போனுக்குக் கேட்கும்படி, "பேட்டரிதாம்மா போயிக்கீது, செத்த இரு, பாத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் கடையிலேயே வைத்து, என்னை எதிரே இருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

அங்கே என்னிடம், "ஊட்ல பேசுறத புடிச்சி வெச்சிக்கினு, வெளிய அனுப்பிக்கினே கீது. அதான் சூடு. பேட்டரி மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அது ஏற்றப்பட்ட தேதி 30.09.2025, நேரம் காலை 11.20 என்று போனிலேயே பார்த்ததாகவும் சொன்னார். அந்த நேரத்தில் போன் யார் கையில் இருந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. தேவதர்ஷினியைத் திட்டியதும் நினைவுக்கு வந்தது. டீயைக் குடிக்க முடியவில்லை. "அத அழிச்சிடுக்கா" என்று கேட்டேன்.

"அழிச்சா அவனுக்குத் தெரிஞ்சிடும். சாட்சியும் பூடும். அவன் வாயால சொல்ல வெக்கலாம்" என்றார்.

அவர் யோசனைப்படி கடைக்குத் திரும்பி வந்து, போன் பக்கத்தில் நின்று, நான் வரும் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அத்திப்பட்டில் வேறு வேலைக்குப் பேசப் போவதாகச் சொன்னேன். அப்படி ஒரு வேலை இல்லை. அதை எங்கள் இருவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கன்னியம்மா ஒவ்வொரு திரையையும் தன் போனில் படம் எடுத்து, நேரத்தை ஒரு நோட்டில் எழுதி, அதில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

மறுநாள் 17.11.2025 காலை பேக்கிங் மேஜையில் சந்திரமோகன் என்னிடம் வந்து, "இன்னா கல்பனா, வியாழக்கிழம அத்திப்பட்டுக்குப் போறியாமே? எனுக்குத் தெரியாம போயிடுவியா?" என்று கேட்டார். அடுத்த மேஜையில் இருந்த தேவதர்ஷினி அதைக் கேட்டாள். அவர் போனதும் நான் அவளிடம் போய் நடந்ததைச் சொல்லி, என்னை மன்னிக்கும்படி கேட்டேன். அவள் கையிலிருந்த மூடிகளைப் பெட்டியில் போட்டாள். அதன் பிறகு, "என் போனும் சூடாவுதுடி" என்றாள்.

அன்று மாலை நாங்கள் இருவரும் கன்னியம்மாவும் காவல் நிலையத்துக்குப் போனோம். கன்னியம்மா கடையைப் பாதி நாளில் பூட்டிவிட்டு வந்தார். என் போனை வாங்கி விமான மோடில் போட்டு, கவரில் வைத்து ஒட்டி, மேலே நேரம் எழுதியிருந்தார். அங்கு நின்ற காவலர் ஒருவர், எல்லாவற்றையும் அழித்துப் புதிது போல ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்றார். கன்னியம்மா கவரைக் கொடுக்காமல், "அழிச்சா அவன் பொழச்சிடுவான் சார். நீங்க சீல் வெச்சி வாங்கிக்கோங்க" என்றார். உதவி ஆய்வாளர் அம்மா அவர் எழுதிய நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். அதன் பிறகு பதினோரு பேரின் போன்களும் சோதிக்கப்பட்டன. ஏழு போன்களில் அதே ஆப் இருந்தது. சந்திரமோகன் கைது செய்யப்பட்டார்.

நடந்ததை என் கணவரிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொன்னேன். அவர் மறுநாள் ஏரிக்குப் போகாமல் என்னோடு காவல் நிலையத்துக்கு வந்தார்.

கைதான அன்று சந்திரமோகன் என் காதுபட, "பேட்டரி மாத்துற பொம்பளைக்கு இன்னா தெரியும்" என்றார். காவல் நிலையத்தில் எழுதப்பட்ட என் புகாரிலும், 'செல்போன் கடைக்காரர் ஒருவர் மூலம் தெரிய வந்தது' என்று மட்டும் இருக்கிறது. இரண்டு கடையில் கண்டுபிடிக்காததை, பின்மூடியைக்கூடக் கழற்றாமல், ஒரு கேள்வி கேட்டுக் கண்டுபிடித்தவர் அவர். ஏழு பெண்களின் வீட்டுப் பேச்சு வெளியே போவதை நிறுத்தியவர். அவருக்குப் பெயர் இருக்கிறது. 'கடைக்காரர் ஒருவர்' என்ற இடத்தில் 'புதுவாயல் கன்னியம்மா' என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. நான் கண்டதும் கேட்டதும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. அந்தப் பெயர் சரியாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ம. கல்பனா