ஒன்பது ரோமக் காசுகளும் ஒரு திருத்த அறிக்கையும்

பொன்னின் பிறப்பிடம் புகல வல்லவரே! மாரிகுப்பம் ரயிலில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வந்தும் மணி தவறாத மாண்பே! எங்கள் உலோக ஆய்வுக்கூடத்தின் உரைகல்லே! தனலக்ஷ்மி அம்மையாரே, வணக்கம்!

அவையோரே, அம்மையார் ஒருமுறை தவறினார். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

சென்ற மாதம். சந்தாபுராவில் அஸ்திவாரம் தோண்டிய லிங்கராஜபுரத்து மேஸ்திரி சவரிமுத்து, மண்ணில் கிடைத்த ஒன்பது ரோமப் பொற்காசுகளைத் தாமே கொண்டுபோய் அரசிடம் ஒப்படைத்தார். காசுகள், உலோகக் கலவையை அளக்கும் நம் எக்ஸ்-ரே கருவிக்கு வந்தன. காசில் பொறித்த மன்னன் தலைக்கு மேலே, உச்சியில் ஒரே புள்ளி. அங்கேதான் அம்மையார் என்றும் அளப்பார். வெள்ளியும் செம்பும் தாராளமாக இருப்பதாகக் கருவி காட்டியது. “போலி” என்று கையெழுத்திட்டார். அவ்வளவுதான், “அசலை உருக்கிட்டு டூப்ளிகேட்டைக் கொடுத்திருக்கான்” என்று சவரிமுத்துவின் மேல் வழக்குப் பாய்ந்தது.

கைது செய்யவிருந்த நாளுக்கு முதல் நாள் அந்த மனிதர் நம் வாசலில் வந்து நின்றார்.

“மேடம், எனக்கு சிமெண்ட் கலக்கத்தான் தெரியும், தங்கம் கலக்கத் தெரியாது. ஒரு காசுல காது இருந்துச்சே, செயின்ல கோக்கற மாதிரி? அதுவும் நான் செஞ்சதா?”

காது! அம்மையார் உள்ளே ஓடினார். லென்ஸை வைத்தார். காது இழந்த எட்டுக் காசுகளிலும் அதே உச்சியில், வெள்ளியும் செம்பும் கலந்த பொடியால் பற்றவைத்த தழும்பு. கழுத்தில் அணிய இந்நாட்டார் காது வைத்த இடத்தைத்தான் அவர் அளந்திருந்தார்!

“ரிடயர்மெண்ட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் மேடம். விடுங்க, ரிப்போர்ட் போயாச்சு” என்றார் எங்கள் ஹரிஷ்.

“பதினெட்டு நாள் எனக்கு, ஹரிஷ். அந்த ஆளுக்கு எத்தனை வருஷமோ? கருவியைப் போடுங்க.”

மன்னனின் தாடையில் ஒருமுறை, கழுத்தில் ஒருமுறை, பின்புறம் ஒருமுறை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தங்கம். கூடவே பழைய ரோமப் பொன்னுக்கே உரிய பிளாட்டினச் சுவடு. காசு ரோமில் பிறந்தது. காது இங்கே முளைத்தது. “முதல் அறிக்கை என் பிழை” என்று தம் கையாலேயே எழுதி, அன்று மாலையே தாமே எடுத்துச் சென்று கொடுத்தார். வழக்கு விழுந்தது.

அம்மையே! பிழையே செய்யாதவர் என்று தங்களைப் புகழ எங்களுக்கு வழியில்லை. பிழையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் என்று புகழ்கிறோம். இன்று முதல் எந்தக் காசையும் மூன்று இடத்தில் அளப்போம்; அந்த முறைக்குத் தங்கள் பெயரையே வைத்துவிட்டோம். மாறாத பொன்னாக, நோயின்றி நூறாண்டு வாழ்க! ரயில் பிடிக்கும் அவசரம் இனி இன்றி, காலைக் காபி ஆறாமல் குடித்து வாழ்க!

இம்மடலைத் தங்கள் இல்லச் சுவரில் மாட்டித்தர, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் சவரிமுத்துவே வருகிறார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: “உச்சியில ஒரு ஆணியை நம்ப மாட்டேன் மேடம். மூணு இடத்துல அடிப்பேன்.”

இங்ஙனம்,
தங்களிடம் அளக்கக் கற்ற
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
பெங்களூரு