இரங்கல் தீர்மானத்தில் ஒரு திருத்தம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் பத்ரிநாராயணன் அவர்களே! மாரெட்பள்ளியில் இந்தத் தமிழ் மன்றத்தை மண் சுமந்து, கல் சுமந்து, கவலை சுமந்து எழுப்பிய மூத்தோர்களே! ஈரம் காயாத கண்களோடு வந்திருக்கும் தாய்மார்களே! கொண்டாப்பூர் நெரிசலை நீந்திக் கரையேறியிருக்கும் இளைஞர்களே! எல்லாருக்கும் முன்னால் அமர வேண்டியவராயிருந்தும் எல்லாருக்கும் பின்னால் கதவோரம் நிற்கும் பாபு அவர்களே! வணங்குகிறேன்.

பாபுவின் மனைவி சாந்தாவுக்கான இரங்கல் தீர்மானத்தை வாசிக்க என்னை அழைத்தீர்கள். ஏன் என்னை? சந்திரசேகரனுக்குக் குரல் பெரிது, அறிவு சிறிது, எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிப்பான் என்று நம்பினீர்கள். நியாயமான நம்பிக்கைதான். ஐ.டி.ஐ. படித்துக் கடைசல் இயந்திரத்தோடு காலம் கழித்தவன் நான். நான் மைக்கைப் பிடித்தால் என் மனைவி பட்டுவே எழுந்து போய்விடுவாள். அதோ, செருப்பைத் தேடுகிறாள். இரு பட்டு, இன்றைக்கு மட்டும் இரு.

தீர்மானம் சொல்கிறது: "பொங்கல் விழாவன்று சமையலர் சாந்தா எரிவாயுக் குழாயைச் சரியாக மூடவில்லை. தீ பரவியது. சமையற்கூடத்தின் பின்கதவு பூட்டப்பட்டிருந்தது. ஓர் உயிர் இழக்கப்பட்டது."

நேற்று மாலை இதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மகள் ஹர்ஷிதா. அவள் கம்பெனி வாடிக்கையாளர்கள் ஸ்பானிய மொழிக்காரர்கள். அதற்காக அந்த மொழியைப் படிக்கிறாள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் உத்தியோகம். கேட்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அதில் அழகு!

"லா புவெர்த்தா எஸ்தா செர்ராதா. கதவு சாத்தியிருக்கு. அது கதவோட நெலமைப்பா. பழைய கதவு, பச்சைக் கதவுன்னு சொல்ற மாதிரி."

"சரி, அடுத்தது?"

"லா புவெர்த்தா ஃபுவே செர்ராதா. கதவு சாத்தப்பட்டது. இங்க யாரோ சாத்தியிருக்காங்க. 'போர்'னு, அதாவது நம்ம 'ஆல்' மாதிரி, போட்டு அவங்க பேரைச் சொல்லலாம்."

"சொல்லலேன்னா?"

"சொல்லாமலும் விடலாம். தப்பு நடந்துட்டா க்ளையன்ட்டுக்கு நாங்க அப்படித்தான் எழுதுவோம். யாருக்கும் வம்பில்ல."

இந்தத் தீர்மானத்தை அவளிடம் நீட்டினேன். படித்தாள். முகம் மாறியது.

"நக்கோப்பா, வேணாம், இதை நீங்க வாசிக்காதீங்க. இதுல ஏதாவது செஞ்சதா ஒரே ஒரு ஆள் பேருதான் இருக்கு. செத்துப்போன ஆன்ட்டி பேரு."

அன்பர்களே! தீ தானாகப் பரவியதா? கதவு தானாகப் பூட்டிக்கொண்டதா? உயிர் தானாக உதிர்ந்ததா? இத்தனை பேர் கூடிய விழாவில் கையுள்ளவள் சாந்தா ஒருத்திதானா? இந்தத் தாள் நாளைக் காலை காவல் நிலையத்துக்குப் போகிறது. பாபுவின் மனைவி தன் சாவைத் தானே தேடிக்கொண்டாள் என்று நாம் அத்தனை பேரும் சாட்சி சொல்லப் போகிறோம். குழாயை அவள் மூடினாளா, இல்லையா? பார்த்தவர் எவருமில்லை. பூட்டை? பார்க்காதவர் எவருமில்லை!

பந்திக்கு முன் பின்கதவைப் பூட்டுவது நம் மன்றத்து மரபு. கூப்பன் இல்லாதவன் சந்து வழியாக வந்து சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிடுவானாம். ஒரு கரண்டிப் பொங்கலுக்குக் காவலாக ஓர் இரும்புப் பூட்டு! தீ சமையற்கூடத்துக்கும் பந்திக்கும் நடுவே எழுந்தது; அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். நாம் முன்வாசல் வழியாக ஓடினோம். அவள் பின்கதவைத் தட்டினாள். சந்தில் நின்ற பாபு கல்லெடுத்துப் பூட்டை அடித்தார். அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பூட்டு உடைந்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

என்ன அங்கே? "சார், போதும், உக்காருங்க" என்கிறீர்களா? உட்காருகிறேன். பூட்டியவர் யார் என்று ஒருவர் சொல்லட்டும், அந்த நொடியே உட்காருகிறேன்.

தலைவர் எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் ஐயா.

பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்காதவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "பூட்டினது நான்தான். சாவி என் ஜேபிலதான் இருந்தது. ஓடறப்போ நினைப்பு வரல" என்கிறார்.

விஸ்வநாத், அவரைப் பார்த்துக் கூச்சல் போடாதே. பூட்டச் சொல்லிக் கமிட்டியில் உயர்ந்த கைகளில் உன் கையும் உண்டு. பழியை அவர் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போனால் அதுவும் இன்னொரு பூட்டுத்தான்.

ஆகவே என் திருத்தம் இது: "பின்கதவைப் பூட்ட நாம் முடிவு செய்தோம். தலைவர் பூட்டினார். சாந்தா தட்டினார். நாம் திறக்கவில்லை."

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. வேண்டாம், தாய்மார்களே! பொங்கலிலிருந்து இன்றுவரை நாம் காத்த மௌனம் போதும். திருத்தத்தை ஏற்பவர்கள் கையை உயர்த்துங்கள், வாய்விட்டும் சொல்லுங்கள். கதவோரம் நிற்பவருக்குக் கேட்க வேண்டும்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் கத்தியவர்களுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்த பட்டுவுக்கும் நன்றி. பாபு அவர்களே, உங்களுக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வணக்கம்.