ஆர்விட் கோச்சின் கால்

— கத்தாதீங்க கோச். வார்டுக்கு வெளிய நாற்காலியிலேயே உங்க சம்சாரம் சுனிவாம்மா தூங்குறாங்க. எழுப்ப மனசு வரலை, நேரா உள்ள வந்துட்டேன்.

— தூங்கட்டும், பாவம். நீ எப்படிடா வந்தே எம்மெட்? கணவாய் ரோட்டை மூடியிருப்பானே.

— பனி தள்ளுற வண்டிக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தேன். முந்தாநாள் போன்ல அவங்க அழுத அழுகையில எனக்குக் கையும் ஓடலை, இருக்கிற ஒத்தைக் காலும் ஓடலை. "சர்க்கரையில பாதம் கறுத்துப் போச்சு, காலை எடுக்கணும்கிறாங்க, இந்த மனுஷன் மாட்டவே மாட்டேன்கிறார்"னாங்க.

— அந்தப் பக்கம் வேண்டாம், இப்படி ஜன்னலோரமா உக்காரு. மலையில பனி எப்படி?

— பேச்சை மாத்தாதீங்க. இடுப்பளவு. நீங்க கோடாலியும் கையுமா மரம் வெட்டி இறக்கின சரிவு முழுக்கப் பிள்ளைங்கதான்.

— பழைய லாரி இஞ்சின்ல கயிறு கட்டி ஆளை மேல இழுத்தோம். கழுதை, பாதியில நின்னுடும்.

— அங்கேருந்து நாட்டுக்கே ஒரு பனிச்சறுக்கு டீம் கட்டினீங்க. அமெரிக்காக்காரனுக்குச் சறுக்கத் தெரியுமான்னு ஐரோப்பாவுல சிரிச்சவன் வாயை அடைச்சீங்க. எத்தனை வருஷம் பனிச்சறுக்குச் சங்கத்துக்குத் தலைவர்! ஒரு காலுக்காகவா உயிரை விடுவீங்க?

— நீ விழுந்து காலை இழந்த வளைவையும் அந்தச் சரிவுல நான்தானேடா வெட்டினேன்.

— ஆமா. பத்தொன்பது வயசு எனக்கு. இதே மாதிரி ஒரு வார்டுல வந்து உக்காந்து என்ன சொன்னீங்க? "ஒத்தைக் கால்லயும் சறுக்கலாம்டா கழுதை"ன்னீங்க.

— பொய்டா அது. அப்படி ஒருத்தனையும் நான் பார்த்ததே இல்லை. சொல்லிட்டு வெளிய போய், கார் நிறுத்துற இடத்துல வாந்தி எடுத்தேன்.

— பொய்னு அப்பவே தெரியும்.

— தெரியுமா?

— உதடு நடுங்குச்சே. ஆனா மறுவாரம், ஊன்றுகோல் நுனியில குட்டிச் சறுக்குப் பலகையை அடிச்சுக் கொண்டு வந்தீங்க. உங்க காலை மடக்கிக் கட்டிக்கிட்டு நீங்களே முதல்ல சறுக்கி விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டீங்க. எங்களை மாதிரி கால் இல்லாதவங்களுக்குன்னு தேசியப் போட்டி கேட்டப்போ கமிட்டியில சிரிச்சாங்க. "அப்போ இந்தத் தலைவர் நாற்காலியையும் நீங்களே வெச்சுக்கங்க"ன்னு எழுந்துட்டீங்க. அந்த மனுஷன் எங்க கோச்?

— ஒண்ணு கேக்குறேன், மழுப்பாம சொல்லு. காலை எடுத்த புதுசுல எப்படி இருந்துச்சு?

— இல்லாத பாதம் அரிக்கும். சொறியக் கை போகும். அங்க மெத்தைதான் இருக்கும்.

— அது நின்னுடுமா?

— குறையும். சத்தியமா, முழுசா நிக்காது. முதல் பனி விழற அன்னிக்கு இன்னமும் அழுவேன். என் பொண்டாட்டிக்கே தெரியாது.

— இத்தனை வருஷம் கழிச்சுமா?

— கழிச்சும்தான். உங்களை மாதிரி எனக்குப் பொய் சொல்ல வராது கோச். வலிக்கும். அழுது முடிச்சு, மூக்கைத் துடைச்சுக்கிட்டு மலைக்குப் போவேன். கெஞ்சிக் கேக்குறேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே ஓடிப் போய் டாக்டரைக் கூட்டிட்டு வரேன்.

— எங்கேயும் போகாதே, உக்காரு. போர்வையைத் தூக்கிப் பாரு... நேத்தே எடுத்துட்டாங்கடா. சுனிவா முன்னாடி அழ முடியலை, வலிக்கும்னு காலை இழந்தவன் வாயால கேக்கணும்னுதான் உன்னைப் பேச விட்டேன்.