லவுஞ்சு சாப்பாடும் பறந்துபோன பிளேனும்

கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வழியாகச் சிதம்பரம் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் பெரிய பெட்டியோடு ஒருவர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"சாப்பாட்டுக்காக ஏரோப்ளேனை விட்ட ஒரே ஆளு நீங்கதான் மச்சான்!"

"பேங்க் கார்டக் காட்டுனா ஏர்போர்ட்டு லவுஞ்சுல சாப்பாடு ரெண்டே ரூபான்னு சொன்னது நீதான?"

"சாப்புடத்தான் சொன்னேன். தூங்கவா சொன்னேன்?"

"பிரியாணி, மூணு ஐஸ்கிரீமு, மெத்துமெத்துன்னு சோபா. பிளேனு கெளம்பும்போது அங்க வந்து கூப்புட மாட்டாங்கன்னு எவன் கண்டான்?"

"சரி, ஒர்த்தா?"

"முழுக் காசு குடுத்தாலும் ஒர்த்துதான்டா. ஒங்கக்காகிட்ட எப்புடிச் சொல்றது? ஏர்போர்ட்டுக்கு வேன் புடிச்சு வந்து, துபாய்க்கு அழுது அனுப்பிட்டுப் போறா."

அப்போது போனில் அந்த அக்காவின் குரல் பதிவு வந்தது.

"வழியெல்லாம் எறங்கிச் சுத்திப் பாத்துட்டு, இப்பதான் பாண்டியில சாப்புட வேனை நிறுத்தியிருக்கோம். ஒங்க பிளேனு மேல போனப்ப எல்லாரும் ரோட்டுல நின்னு கை காட்டுனோம். பாத்தீங்களா?"

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். "உண்மையச் சொல்லிடுங்க மச்சான்."

"வேன்ல அத்தினி பேரு இருக்காங்க. மானம் போயிடும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டனை அழுத்திப் பேச ஆரம்பித்தார். "பாத்தேன்மா! எறும்பாட்டம் தெரிஞ்சீங்க. இப்பதான் துபாய்ல எறங்குறேன்..."

கண்டக்டர் விசில் ஊதினார். "பரங்கிப்பேட்டையெல்லாம் எறங்கு!"

திடுக்கிட்டு விரலை எடுத்தார். கண்டக்டர் குரலோடு பதிவு அக்காவுக்குப் போய்விட்டது. அவர் எழுந்திருப்பதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.