தூபம் போட்ட கையால் எழுதிய மடல்

கோவை மாநகரில் முப்பத்தோராண்டு வரலாறு பயிற்றுவித்து, இன்று பணி ஓய்வு பெறும் பேராசிரியர் சாமுவேல் அவர்களே! கரும்பலகையில் ரோமாபுரியின் வீதிகளை வரைந்து, அவற்றில் எங்களைக் கைப்பிடித்து நடத்திய வரலாற்று வேந்தே! வாய்மையின் வைப்பே! வஞ்சகம் அறியா நெஞ்சே! வணக்கம்.

வஞ்சகத்தை நாங்கள் அறிவோம். அதனால்தான் இம்மடலை எழுத உட்கார்ந்தபோது, தங்கள் மாணவியும் துறையின் இன்றைய தலைவருமான பிரவீனாவுக்குக் கை கூசியது.

'ஆதித் திருச்சபையும் பண்டை ரோமச் சமயங்களும்' என்ற பாடத்தைத் தாங்கள் நடத்திய அழகே அழகு! ஜூப்பிடரை வணங்கியவர்களை இழித்துப் பேசியதும் இல்லை. சிலுவையை வணங்கியவர்களை ஏற்றிப் பேசி ஏமாற்றியதும் இல்லை. அப்படிப்பட்டவர் மீது, மதம் பரப்புகிறார் என்று ஒரு கூட்டம் புகார் எழுதியது; கிறிஸ்தவ மார்க்கத்தையே கெடுக்கிறார் என்று இன்னொரு கூட்டம் எழுதியது. அடேயப்பா, அந்த இரண்டு கூட்டமும் ஒத்துப்போனது தங்கள் விஷயத்தில் மட்டும்தான்! 'பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்தினார்' என்று நிர்வாகம் ஒரு தாளை நீட்டியது. பாடத்திட்டத்தில் இருப்பது தெரிந்தே துறையின் ஏழு பேரும் கையெழுத்திட்டோம். பிரவீனாவுக்குத் தலைவர் நாற்காலி கிடைத்தது. தாங்களோ கடைசி ஓராண்டு முழுக்க, நூலகப் பின்னறையில் பழைய விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

தாங்கள் நடத்திய பாடம் பிரவீனாவை விடவில்லை. ரோமப் பேரரசன் டேசியஸ் காலத்தில், தேவர்களுக்குத் தூபம் போட்டதாகச் சான்றிதழ் காட்டிய கிறிஸ்தவர்கள் பிழைத்தார்கள். மறுத்தவர்கள் சிறை சென்றார்கள். பின்னர் அந்தச் சான்றிதழ்காரர்களே சிறைப்பட்டவர்களிடம் போய், திருச்சபையில் மீண்டும் சேர, தங்களை மன்னித்ததாக ஒரு கடிதம் கேட்டு நின்றார்கள். போன வாரம் பிரவீனாவும் ஆர்.எஸ்.புரத்தில் தங்கள் வீட்டு வாசலில் அப்படித்தான் நின்றார்.

தாங்கள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

"உள்ள வாங்க அம்மணி, காப்பி குடிங்க. கடுதாசி நான் எழுதித் தாரனுங்க. ஆனா அந்தக் காலத்துல, தூபம் போட்டு வுழுந்தவங்க மொதல்ல சபை முன்னால நின்னு தப்பை ஒத்துக்கோணும். நடத்துனனுங்களே, மறந்துபோட்டீங்களா?" என்றீர்கள்.

மறக்கவில்லை ஐயா. இதோ, இந்த வழியனுப்பு விழாவே சபை; இதோ முன்வரிசையில் கல்லூரிச் செயலர். நாங்கள் எழுதிக் கொடுத்தது பொய். பயந்தும் பதவிக்கு ஆசைப்பட்டும் எழுதிய பச்சைப் பொய்!

நேற்று இம்மடலை இதுவரை எழுதி, துறையில் வாசித்துக் காட்டிப் பிரவீனா கையெழுத்துக் கேட்டார். "நீங்க எழுதியிருக்கறது அத்தனையும் நெசந்தானுங்க மேடம். ஆனா இதுல கையெழுத்துப் போட்டா என்ர வேலை போயிருமுங்க" என்றார் இளம் ஆசிரியர் கதிர். மற்ற ஐவர் அதைக்கூடச் சொல்லவில்லை. மடலுக்குச் செய்த கண்ணாடிச் சட்டத்தில் ஏழு பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. ஆறு இடம் வெறுமையாகவே இருக்கும். தாங்கள் அப்படியே சுவரில் மாட்டுங்கள்.

கண்ணொளி குன்றாமல், கால் தளராமல், எவர் முகத்துக்கும் அஞ்சாமல் தங்கள் ஆய்வு நூலை எழுதி முடித்து, நூறு பிராயமும் நோயின்றி வாழ்க ஐயா! அதில் எங்களைப் பற்றி எழுத நேர்ந்தால், பெயரோடு எழுதுங்கள்.

இங்ஙனம்,
எழுவருக்காக அல்ல, தனக்காக மட்டும்,
பிரவீனா