கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தவருக்கு

எங்கள் சுகாதார நிலையத்தின் மூத்த செவிலியரே! ஏழு குடியிருப்புகளின் சந்துகளையும் காலால் அறிந்தவரே! எங்கள் அக்காவே! வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுப் பணி முடித்து இன்று ஓய்வு பெறுகிறீர்கள். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு நீங்கள் அழைத்து வந்த பெண்களை எண்ண முயன்றோம், பாதியில் விட்டுவிட்டோம். ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

செங்கல் சூளையில் வேலை. எட்டாம் மாதம். பதிவேட்டில் அவளுக்கு நேரே மூன்று முறை 'மறுத்தார்' என்று எழுதினோம். எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம். நீங்கள் சூளைக்குப் போனீர்கள். அவளுடைய மாமியார் வழிமறித்தாராம்.

"நான் ஏழு பெத்தேன். எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சேன்?"

"ஏழு பேரும் இருக்காங்களா, அத்தை?"

"நாலு" என்றார். "அவளையே கேளு."

கேட்டீர்கள்.

"ஒரு தடவை வந்தேன்க்கா. யூரின் புடிச்சுக் குடுன்னு டப்பா குடுத்தாங்க. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா இல்ல. வெளிய ஆம்பளைங்க வரிசை. அப்படியே திரும்பிட்டேன்."

எங்களை நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலை தாழ்ப்பாளும் திருப்புளியுமாக வந்தீர்கள்.

"என்னக்கா, கார்பெண்டர் ஆயிட்டீங்களா?" என்று ஓட்டுநர் கிண்டல் செய்தார்.

"இதுவும் டெஸ்ட்டுதான்ப்பா. இந்தத் தடவை நமக்கு."

தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று சொல்லியனுப்பினீர்கள்; அன்றே அவள் வந்தாள். ரத்த அழுத்தம் நூற்றெழுபது. சிறுநீரில் புரதம். வண்டியில் நீங்களும் ஏறினீர்கள். பெரிய மருத்துவமனை வாசலில் அவளுக்கு வலிப்பு வந்தது. வாசல்வரை வந்திருந்ததால் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது.

அந்தக் கதவை நாங்கள் ஒன்பது ஆண்டுகள் தினமும் திறந்து மூடினோம்; அது ஒரு குறையென்று தெரியவில்லை. "எனக்கும்தான் தெரியல" என்றீர்கள். எங்கள் வியப்பு இன்னும் அடங்கவில்லை. தெரியாததைப் போய்க் கேட்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

'மறுத்தார்' என்ற சொல்லை அன்று அடித்தீர்கள். வராத ஒவ்வொருத்தியிடமும் காரணத்தைக் கேட்டு எழுதச் சொன்னீர்கள். எழுதினோம். பேருந்து ஒன்றுதான், பதினோரு மணிக்கு. வந்தால் அன்றைய கூலி போகும். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. போன முறை செவிலியர் அதட்டினார். கடைசியாகச் சொன்னதை, அதட்டியவரே தன் கையால் எழுதினார்.

அக்கா, உங்கள் முழங்கால்களுக்கு இனி ஓய்வு கிடைக்கட்டும். நோயின்றி நெடுங்காலம் இருங்கள். வயிறாரச் சாப்பிட்டுக் கண்ணாரத் தூங்குங்கள்.

இந்த மாதம் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது. கல்லுடைக்கும் பெண், ஆறாம் மாதம், வரவில்லை. காரணம் தெரியாது. நாளை காலை நாங்கள் போகிறோம். அதட்டாமல் கேட்போம்.

என்றும் உங்கள்,
மருத்துவர், செவிலியர்கள், ஆய்வக உதவியாளர், ஓட்டுநர்